துணி சேதம் ரூ. 1,000

விபத்து இழப்பீட்டு மனுவில் ஒரே ஒரு கட்டத்தில்தான் மொத்த வழக்கும் உட்கார்ந்திருக்கிறது. மாத வருமானம் என்ற கட்டம். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை போட்டிருக்கும் எனக்கு இந்த மனுக்கள் தினசரிப் பிழைப்பு. எம்.சி.ஓ.பி. என்று எண் போட்டு வரும் வழக்குகள், அதாவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுக்கள். டைப் அடித்துக்கொண்டே அந்தக் கட்டத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால், வக்கீல் குமாஸ்தா யோசிக்கவே மாட்டார்.

"இருபத்தஞ்சாயிரம்னு போடுங்கண்ணே."

கொத்தனாருக்கும் இருபத்தைந்தாயிரம். பூக்கட்டும் அம்மாவுக்கும் இருபத்தைந்தாயிரம். ஆடு மேய்ப்பவருக்கும் அதேதான். எல்லா மனுவிலும் ஒரே தொகை வருவது நீதிபதிக்குத் தெரியாதா? அவரும் யோசிக்காமல் வெட்டுவார். "வருமானத்துக்கு ஆவணம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை" என்று ஒரு வரி எழுதி, உத்தேச வருமானமாக ஒரு தொகையை அவரே போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு வரும் கணக்கெல்லாம் அந்தத் தொகையின் மேல்தான் ஏறும். கால் போனவருக்கு எவ்வளவு, கை போனவருக்கு எவ்வளவு என்பதை அந்த ஒரு வரி தீர்மானித்துவிடும்.

என் அக்கா வீட்டுக்காரர் வழக்கில் இதை ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே இருந்து பார்த்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். நடுவில் சட்டமும் வரும், தவிர்க்க முடியாது.

மச்சான் தையல்காரர். ஜென்ட்ஸ், லேடீஸ் இரண்டும் தைப்பார். 2021-இல், அப்போது அவருக்கு வயது 38, ஒரு நாள் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லை ரோட்டோரம் நிறுத்தி யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த மினி லாரி இடித்துத் தள்ளியது. வலது கணுக்கால் நொறுங்கிவிட்டது. பிளேட், ஸ்குரூ எல்லாம் வைத்துத்தான் ஒட்ட வைத்தார்கள்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு விஷயத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். அவசரப் பிரிவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும் டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்போம். "எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்கிறார். அழுதுகொண்டிருந்த அக்கா, "வண்டியில இருந்து விழுந்துட்டாரு டாக்டர்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை, விழுந்தவரைத்தானே அவள் பார்த்தாள். ஆனால் டாக்டர் அதை அப்படியே எழுதியிருந்தால் தானாக விழுந்தார் என்று ஆகியிருக்கும். இரண்டு வருஷம் கழித்து இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியை எடுத்து நீதிபதி முன்னால் நீட்டுவார். "விபத்து நடந்த உடனே, பொய் சொல்ல நேரமில்லாத நேரத்தில் சொன்ன வார்த்தை இதுதான்" என்பார். அந்த வாதத்துக்குக் கோர்ட்டில் கனம் உண்டு. எத்தனையோ கட்டுகள் என் கடையில் ஜெராக்ஸுக்கு வந்து, அந்த வரியில் விரல் வைத்து வக்கீல்கள் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் குறுக்கே புகுந்து, "நின்னுக்கிட்டிருந்தவரைப் பின்னாடி வந்த மினி லாரி இடிச்சிருச்சு சார், வண்டி நம்பர் இது" என்று சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். அந்த வழக்கில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று இன்னமும் நினைக்கிறேன்.

மறுநாளே வண்டிக்காரர் ஆப்பிள், ஹார்லிக்ஸ் சகிதம் வந்தார். கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவர். "ஸ்டேஷன், கோர்ட்டுன்னு எதுக்கு? இருபதாயிரம் தர்றோம், பேசி முடிச்சுக்கலாம்." இதில் வண்டிக்காரரைப் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பயம். ஆனால் இன்ஷூரன்ஸ் இருக்கிற வண்டிக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்பது எனக்குப் புரிவதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு என்று வருஷா வருஷம் கட்டாயமாகக் கட்டுகிறோமே, அது இதற்குத்தான். அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்கும், ஓட்டுநர் உரிமமும் பாலிசியும் ஒழுங்காக இருந்தால் வண்டிக்காரர் கையை விட்டு ஒரு பைசா போகாது. உரிமம் இல்லாவிட்டால்தான் சிக்கல். அப்போதும் அடிபட்டவர் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு போடும் வழக்கம் உண்டு, 2004-இல் வந்த சுவரண் சிங் வழக்குத் தீர்ப்பு இதற்கு வலுவான ஆதாரம். இது தெரியாமல்தான் சில வீடுகளில் உரிமம் இல்லாத பையன் ஓட்டியதை மறைத்து அப்பா ஓட்டியதாக எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு சாட்சி ஒன்று சொல்ல, எஃப்.ஐ.ஆர். இன்னொன்று சொல்ல, மொத்தக் கட்டும் நாறிப்போகும்.

எஃப்.ஐ.ஆர். போட்டோம். முதலில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். அது புகார் வந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர்., மாதிரி வரைபடம், பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று, குற்றப்பத்திரிகை. இவையெல்லாம் வந்தால்தான் கட்டு முழுமையாகும்.

இங்கே நிறையப் பேர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் மீது போலீஸ் போடும் கிரிமினல் வழக்கு தனி. அது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும். ஓட்டுநர் ஒருநாள் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவார். "கேஸ் முடிஞ்சிருச்சாமே, நமக்கு ஒண்ணும் வரலியே?" என்று கடையில் வந்து கேட்பார்கள். அந்த வழக்கில் உங்களுக்கு ஒன்றும் வராது. இழப்பீடு வேண்டுமென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166-இன் கீழ் தனியாகத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் அந்தத் தீர்ப்பாயம். மாவட்டங்களில் மாவட்ட நீதிபதி, சார்பு நீதிபதி அல்லது இதற்கென்றே உள்ள சிறப்பு நீதிமன்றம். விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். சேலத்தில் அடிபட்ட தேனிக்காரர் சேலத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்த ஓட்டுநர் கட்டிய அபராத ரசீதும் தீர்ப்பும் நம் வழக்குக்கு நல்ல சாட்சி. மறக்காமல் நகல் எடுத்து வையுங்கள்.

புரோக்கர் விஷயத்துக்கு வருகிறேன். மச்சான் வார்டில் படுத்திருக்கும்போதே இரண்டு பேர் வந்து கார்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து தகவல் போகாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், கூடவே வெள்ளைத் தாளிலும். வருகிற தொகையில் இவ்வளவு பங்கு என்று பேசுவார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக்கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி இருக்கிறது. நடைமுறை வேறு. காசில்லாத ஆளுக்கு வழக்கு நடத்த அந்த ஏற்பாடுதான் கைகொடுக்கிறது என்று சொல்லும் நல்ல வக்கீல்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் யார் வக்கீல் என்றே தெரியாமல் புரோக்கரிடம் கையெழுத்துப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் என்றால் வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். கோர்ட் வளாகத்துக்குள்ளேயே ஆபீஸ் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் எல்லாரும் என் கடைக்கே வருகிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

உடம்பில் நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு சான்று தரும். மச்சானுக்கு 30 சதவீதம். தீர்ப்பாயம் இந்த 30-ஐ இரண்டு விதமாகக் கையாளலாம். முதல் விதம், சதவீத முறை. ஒரு சதவீதத்துக்கு மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம் என்று ஒரு தொகை வைத்துப் பெருக்கிவிடுவது. ஐயாயிரம் என்றே வைத்துக்கொண்டாலும் 30 சதவீதத்துக்கு 1,50,000 ரூபாய். அதோடு முடிந்தது.

இரண்டாவது விதம், பெருக்கி முறை. மல்டிப்ளையர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். மாத வருமானத்தை எடுத்து, எதிர்கால வளர்ச்சிக்கு ஒரு பங்கு சேர்த்து, பன்னிரண்டால் பெருக்கி வருஷ வருமானம் ஆக்கி, அதை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கி, அதில் ஊன சதவீதத்தை எடுப்பது. அந்த வயது அட்டவணை 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முறைப்படுத்தியது. 25 வயது வரை 18, 36 முதல் 40 வரை 15, 46 முதல் 50 வரை 13 என்று இறங்கிக்கொண்டே வரும், 65-க்கு மேல் 5. எதிர்கால வளர்ச்சிப் பங்கு 2017-இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பிலிருந்து வருகிறது. சொந்தத் தொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே என்றால் 40 சதவீதம் சேர்க்க வேண்டும். அந்த இரண்டும் இறப்பு வழக்குகள். காயம்பட்டு உயிரோடு இருப்பவருக்கும் எதிர்கால வளர்ச்சி உண்டு என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

மச்சானுக்கு மாதம் 12,000 என்றே வைத்துப் போட்டுப் பாருங்கள். 40 சதவீதம் சேர்த்தால் 16,800. வருஷத்துக்கு 2,01,600. பதினைந்தால் பெருக்கினால் 30,24,000. அதில் 30 சதவீதம், 9,07,200 ரூபாய்.

ஒரே கால், ஒரே சான்று, ஒரே 30 சதவீதம். ஒரு முறையில் ஒன்றரை லட்சம், இன்னொன்றில் ஒன்பது லட்சம் சொச்சம்.

எந்த முறை என்பதை எது தீர்மானிக்கிறது? ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்று ஒரு வழக்கு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, விபத்து வழக்கு நடத்தும் எந்த வக்கீலைக் கேட்டாலும் சொல்வார். அதில் ஓர் உதாரணம் வருகிறது. இடது கை துண்டான ஒருவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவர் பிழைப்பு கிட்டத்தட்ட முழுசாகப் போயிற்று. அதே கை துண்டானவர் அரசு அலுவலகத்தில் கிளார்க் என்றால் வேலையில் தொடரலாம். ஆக, டாக்டர் சொல்லும் ஊன சதவீதம் ஒன்று, அதனால் சம்பாத்தியம் எத்தனை சதவீதம் குறைந்தது என்பது வேறொன்று. இரண்டாவதைத்தான் தீர்ப்பாயம் கண்டுபிடிக்க வேண்டும். சையது சாதிக் வழக்கில் கால் துண்டான ஒரு காய்கறி வியாபாரிக்கு உச்ச நீதிமன்றம் 85 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது. காய்கறிக்காரர் உட்கார்ந்துகொண்டே விற்கலாமே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மண்டிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வரக் கால் வேண்டாமா?

ஆகவே மருத்துவச் சான்று கட்டில் இருந்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், அந்த வேலையில் அந்த உறுப்பு என்ன செய்தது, இப்போது என்ன முடியவில்லை. இதைத் தாளாலும் சாட்சியாலும் காட்ட வேண்டும். பலரும் ஸ்கேன், எக்ஸ்ரே, பில் என்று மூட்டையாகக் கொண்டுவருகிறார்கள். வேலைக்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

மச்சானிடமும் வருமானவரிக் கணக்கு, வங்கி வரவு ஒன்றும் கிடையாது. ஆனால் அளவு நோட்டு இருந்தது. நாற்பது பக்க நோட்டு இல்லை, கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், செல் நம்பர், இடுப்பு, மார்பு, கை உயரம், ஓரத்தில் துணியிலிருந்து வெட்டிப் பின் குத்திய சின்னத் துண்டு, டெலிவரி தேதி, கூலி, அட்வான்ஸ். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதாமல் கீழே நெருக்கி நெருக்கி எழுதியிருப்பார். அந்த நோட்டு விபத்து நடந்த அன்றைக்கு "ரவிக்கை 3, லைனிங்" என்று எழுதியதோடு நிற்கிறது. மேலே நாலு மாசம் வெற்றுப் பக்கம். பிறகு வேறு கையெழுத்து, கடையில் உதவிக்கு வந்த பையனுடையது.

எங்கள் வக்கீலம்மா அதைப் பார்த்ததும், "இது போதும், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அதோடு கடை வாடகை ஒப்பந்தம், நூல் கடை பில், தையல் தொழிலாளர் நல வாரிய அட்டை. இந்த வாரிய அட்டையை எல்லாரும் ஏதோ உதவித்தொகைக்கு என்று பீரோவில் போட்டு வைத்திருப்பார்கள். இவர் இந்தத் தொழில்தான் செய்தார் என்பதற்கு அரசாங்கமே கொடுத்த சான்று அது. கட்டுமானம், ஆட்டோ என்று பல தொழில்களுக்கும் இப்படி வாரியம் இருக்கிறது. அட்டை வாங்காதவர்கள் வாங்கி வையுங்கள்.

கம்பெனி தரப்பு எதிருரை வந்தது. அதையும் ஒருவர் ஒரே அச்சில் வார்ப்பார் போல. "மனுதாரர் தலைக்கவசம் அணியாமல் வாகனத்தைக் கவனக்குறைவாக ஓட்டியதே விபத்துக்குக் காரணம்." நின்ற வண்டியில், உடைந்தது கணுக்கால். தலைக்கவசத்தைக் காலில் மாட்டுவதா என்று வக்கீலம்மா சிரித்தார். ஹெல்மெட் போடாமல் தலையில் அடிபட்டால் இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிப்பது நடக்கிற காரியம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் விதிமீறல் இருந்தாலே கழித்துவிட முடியாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கும் அல்லது காயத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கிலேயே 2020-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கிறது.

குறுக்கு விசாரணை அன்று நான் பின்பெஞ்சில் இருந்தேன். கம்பெனி வக்கீல் நல்ல திறமைசாலி, கத்தவெல்லாம் மாட்டார்.

"இப்பல்லாம் மோட்டார் வச்ச மிஷின் வந்திருக்கு, தெரியுமா?"

"தெரியும்ங்க. நம்ம கடையிலேயே ஒண்ணு இருக்கு."

"அப்ப பெடல் மிதிக்க வேண்டியதில்லை. கால் சரியில்லேன்னாலும் தைக்கலாம்."

"மோட்டாருக்கும் காலாலதாங்க அமுக்கணும்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "விளக்கமாச் சொல்லுங்க" என்றார். மச்சான் எழுந்து நிற்க முயன்றார், உட்காரச் சொல்லிவிட்டார்கள். "மோட்டார் கீழ சின்னதா ஒரு கட்டை இருக்கும்ங்கய்யா. லேசா அமுக்குனா மெதுவா ஓடும், அழுத்துனா வேகமா ஓடும். கழுத்து வளைவு, கை வளைவு திருப்பும்போது பாதத்தை மயிரிழை தூக்கணும். எனக்குக் கணுக்கால் மடங்காது. அமுக்குனா ஒரே அமுக்குதான்."

"இடது காலால அமுக்கலாமே?"

"பழகிப் பார்த்தேன்ங்க. நேர்த் தையல் போடுவேன். தலையணை உறை, பாவாடை தைக்கலாம். பிளவுஸ் வராது."

எல்லாம் அதோடு தீர்ந்தது என்று எனக்குத் தோன்றியது. எந்த டாக்டரும் அதை அப்படிச் சொல்லியிருக்க முடியாது. டாக்டர் வந்து கணுக்கால் அசைவு இத்தனை டிகிரி குறைந்தது என்றுதான் சொல்வார். சொல்லவும் செய்தார். இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்ட சதவீதத்துக்குச் சான்று எழுதித் தரும் டாக்டர்கள் சிலர் எல்லா ஊரிலும் உண்டு. ராஜ்குமார் தீர்ப்பிலேயே அப்படிப்பட்ட சான்றுகளிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்களிடமும் ஒருவர் ஐம்பது வாங்கித் தருகிறேன் என்றார். வக்கீலம்மா விரட்டிவிட்டார். சிகிச்சை கொடுத்த டாக்டர், மருத்துவக் குழு, இரண்டும் போதும். ஐம்பதைக் கொண்டுபோய்க் கொடுத்து நீதிபதி அதை இருபதாகக் குறைப்பதைவிட, முப்பதைக் கொடுத்து முப்பதாகவே வாங்குவது மேல்.

நடுவில் லோக் அதாலத் வந்தது. கம்பெனி அதிகாரி மூன்றரை லட்சம் என்றார். மக்கள் நீதிமன்றத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். எலும்பு சேர்ந்து, மனிதர் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டார் என்றால் அங்கே வாங்கிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். மேல்முறையீடு கிடையாது என்பதால் பணம் சீக்கிரம் வரும், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் மேல்முறையீடு இல்லை என்பது நமக்கும்தான். குறைத்து வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் திரும்பிப் பார்க்க வழியில்லை. அக்காவுக்கு வாங்கிவிடலாம் என்றுதான் மனசு. மூன்றரை லட்சத்தை மொத்தமாக அவள் பார்த்ததில்லை. அப்போதுதான் மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். மச்சான் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கேஸ் நடக்கட்டும் மாப்ள" என்றார்.

தீர்ப்பு வந்தது. பெருக்கி முறையே எடுத்தார் நீதிபதி. வருமானம் மட்டும் கேட்ட 25,000 இல்லை, 12,000. சம்பாத்திய இழப்பு 9,07,200. ஆறு மாசம் வேலையில்லாமல் இருந்ததற்கு 72,000. மருத்துவச் செலவு பில்படி 1,38,400. வலி, வேதனைக்கு 50,000. வாழ்க்கை வசதி இழப்புக்கு 25,000. போக்குவரத்துக்குப் பத்து, சத்துணவுக்குப் பத்து, கூட இருந்து பார்த்துக்கொண்டதற்குப் பதினைந்து ஆயிரம். கடைசியாக "துணி சேதம், ரூ. 1,000". ஆக மொத்தம் 12,28,600 ரூபாய், மனுப் போட்ட தேதியிலிருந்து ஏழரை சதவீத வட்டியோடு.

மச்சான் மற்ற எதையும் பேசவில்லை. அந்தத் துணி சேதத்தைத்தான் பிடித்துக்கொண்டார். அன்று அவர் போட்டிருந்தது அவரே தைத்த பேண்ட், சட்டை. ஆஸ்பத்திரியில் கத்தரியால் முழங்கால் வரை கிழித்துவிட்டார்கள். "தையக்கூலியே அறுநூறுடா. துணி?" என்றார்.

கம்பெனி மேல்முறையீடு போயிருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் சி.எம்.ஏ. என்று எண் போடுவார்கள். நாங்களும் வருமானத்தை 12,000 என்று எடுத்தது குறைவு என்று எதிர் ஆட்சேபம் போட்டிருக்கிறோம். கம்பெனி கட்டிய தொகையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்து, மச்சானின் வங்கிக் கணக்குக்கே வந்துவிட்டது. அதில் கடன் அடைத்தது போக, இப்போது கடையில் அவர் கட்டிங் மட்டும் பார்க்கிறார். தைக்க ஆள் வைத்திருக்கிறார்.

அரசுப் பேருந்து இடித்த வழக்குகளில் கதை வேறு மாதிரி. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டியதில்லை என்று சட்டத்தில் விலக்கு இருப்பதால், இழப்பீட்டைக் கழகமே தர வேண்டும். தராவிட்டால் நிறைவேற்று மனு, அதற்கும் அசையாவிட்டால் ஜப்தி. பேருந்து நிலையத்தில் அமீனா வந்து, பயணிகளை இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கோர்ட் வளாகத்துக்கு ஓட்டிக்கொண்டு போகும் செய்தியை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். எங்கள் கோர்ட்டிலும் வேப்பமரத்தடியில் அப்படி ஒன்று நிற்கும். பணம் கட்டினால் மறுநாள் ரூட்டுக்குப் போய்விடும்.

மச்சான் விபத்து பழைய சட்டத்தில். இப்போது அடிபடுகிறவர்களுக்கு மாறியிருக்கும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். முன்பு இந்த வரம்பு கிடையாது. "கால் சரியாகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று இருந்தவர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள். வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். போலீசுக்கும் கெடு வந்திருக்கிறது. 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்த அறிக்கையில் உங்கள் தொழில், வருமானம் பற்றியும் கேட்பார்கள். அப்போதே சரியாகச் சொல்லுங்கள், பின்னால் மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்குப் போக வழியில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது. இறந்தால் 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000, வருவாய்த்துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில்தான், இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் போலீஸே பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. தொகை குறைவுதான். அதைக்கூட யாரும் வாங்குவதில்லை என்பதுதான் எரிச்சல்.

சிகிச்சைக்கு முதல் 48 மணி நேரம் தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, 2021 டிசம்பரில் ஆரம்பித்தது. எந்த மாநிலத்துக்காரர் என்று பார்க்க மாட்டார்கள். பட்டியலில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். 2025-இல் மத்திய அரசும் ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. இலவசமாகச் சிகிச்சை பெற்றாலும் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்காமல் வராதீர்கள். பில் இல்லாவிட்டால் செலவுக்குக் கேட்க முடியாது, அவ்வளவுதான். ஊனத்துக்கும் வேலை இழப்புக்கும் கேட்க அது தடையே இல்லை.

நீளமாகிவிட்டது. மனு டைப் அடிக்க வருகிறவர்கள் ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., வாரிய அட்டை, உங்கள் தொழில் நோட்டு எதுவாக இருந்தாலும் அசலோடு எடுத்து வாருங்கள். பால்கார அக்கா என்றால் பால் கணக்கு அட்டை, மேஸ்திரி என்றால் ஆள் கூலி எழுதிய டைரி. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நான் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.